மேற்கே போக வேண்டிய தண்ணீர்

பொள்ளாச்சி முதல் சாலக்குடி வரை, ஓர் ஆற்றின் பின்னால் போன அக்காவும் தம்பியும்

எங்கள் தோப்புக்கு வரும் தண்ணீர் கேரளத்துக் காட்டுத் தண்ணீர் என்று சின்ன வயதில் எனக்குச் சொன்னது அக்காதான். நான் நம்பவில்லை. உடுமலைப் பக்கம் யாரைக் கேட்டாலும் வாய்க்கால் திருமூர்த்தி அணையிலிருந்து வருகிறது என்பார்கள். அணைக்கு மேலே மலை, மலையில் பஞ்சலிங்க அருவி. அருவி கொட்டுகிறது, அணை நிறைகிறது, வாய்க்கால் ஓடுகிறது. இதில் கேரளம் எங்கே வந்தது?

பள்ளிக்கூட அட்லஸைத் தரையில் விரித்து, மலைக்கு அந்தப் பக்கம் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். அட்லஸில் இல்லாததைப் பின்னாளில் நானே தெரிந்துகொண்டேன். திருமூர்த்தி அணைக்குச் சொந்த வரத்து சொற்பம். அதை நிரப்புவது ஆனைமலை அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு 49 கிலோமீட்டர் வரும் காண்டூர் கால்வாய். அந்தக் கால்வாய்க்குத் தண்ணீர் சர்க்கார்பதி மின்நிலையத்திலிருந்து, சர்க்கார்பதிக்குத் தூணக்கடவு அணையிலிருந்து, தூணக்கடவுக்குப் பரம்பிக்குளத்திலிருந்து, பரம்பிக்குளத்துக்குச் சோலையாற்றிலிருந்து, சோலையாற்றுக்கு நீராற்றிலிருந்து. எல்லாம் மலையைக் குடைந்த சுரங்கங்கள். இந்த ஆறுகளை அவற்றின் போக்கில் விட்டிருந்தால் பெரும்பகுதி மேற்கே இறங்கிச் சாலக்குடிப் புழையாகி, அதிரப்பள்ளியில் கொட்டி, அரபிக் கடலுக்குப் போயிருக்கும்.

அப்பா காலத்தில் தண்ணீர் முறை நடுராத்திரியில் வந்தாலும் டார்ச்சும் மண்வெட்டியுமாக மடை திருப்பப் போக வேண்டும். ஆண்பிள்ளை என்று என்னைத்தான் எழுப்புவார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த அக்கா போர்த்திக்கொண்டு தூங்குவாள். தெரியாத நான் கொசுக்கடியில் வரப்பில் நிற்பேன். இப்போது அவள் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். தோப்பு இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது. "வாடா தம்பி, அந்தத் தண்ணி எங்கிருந்து கிளம்புதுன்னு ஒருதடவ போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்று ஆகஸ்ட் மாதக் கடைசியில் போன் செய்தாள். மாமாவுக்கும் என் மனைவிக்கும் மலைப்பாதை என்றாலே வயிற்றைப் புரட்டும். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். ஆகவே நாங்கள் இருவர் மட்டும். கல்யாணம், எழவு தவிர்த்து இப்படித் தனியாக உட்கார்ந்து பேச எங்களுக்கு வாய்த்ததே இல்லை. வண்டி ஓட்டியது அவள்தான். மலையில் என்னைவிட நன்றாக ஓட்டுவாள்.

நாற்பது வளைவு

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். ஆழியாறு வரை இரண்டு பக்கமும் தென்னைதான். அந்தத் தென்னைகளில் பல மஞ்சளித்து, மட்டை தொங்கி நின்றன. கேரள வேர் வாடல் நோய். தண்ணீர் மட்டும்தான் மலையைத் தாண்டி வரும் என்று நினைத்திருந்தோம், நோயும் வழி கண்டுபிடித்து வந்துவிட்டது.

ஆழியாறு அணை 120 அடி. தென்மேற்குப் பருவமழை தணிந்துகொண்டிருந்த செப்டம்பர் முதல் வாரம் ஆதலால் ததும்பி நின்றது. அணையைத் தாண்டியதும் சோதனைச்சாவடி. வனத்துறை ஊழியர் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் நரைத்த தலையோடு ஒரு பெண் இருப்பதை இன்னொரு முறை பார்த்தார். "முன்னாடி ஏறிட்டுப் போயிருக்கீங்களாம்மா?" என்றார். "நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே" என்றாள் அக்கா. அது உண்மையில்லை. ஆனால் அவர் சிரித்துக்கொண்டே வழிவிட்டார்.

சிறிது தூரத்தில் கவியருவி. நாங்கள் குரங்கு அருவி என்றே சொல்லி வளர்ந்தவர்கள். வெள்ளம் வந்தாலும் மூடுவார்கள், வறண்டாலும் மூடுவார்கள். அன்றைக்கு வெள்ளம் என்று கயிறு கட்டியிருந்தார்கள். சாலையோரக் குரங்குகளுக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. மேலே நவமலை மின்நிலையம். இந்த மலையில் இறங்கும் தண்ணீர் அநேகமாக ஒரு விசையாழியையாவது சுற்றாமல் சமவெளிக்கு வருவதில்லை.

அதற்குப்பின் கொண்டை ஊசி வளைவுகள், நாற்பது. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய கல் உண்டு. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ: கீழே ஆழியாறு அணை முழுதாகத் தெரியும். அங்கே சாலைத் தடுப்புச் சுவருக்கு மேல் பாறையில் வரையாடுகள் நின்றன. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. காணக் கிடைக்காதது என்று புத்தகத்தில் படித்த விலங்கு, செல்பி எடுப்பவர்களுக்குப் பத்தடி தூரத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்தது. ஒருவர் பிஸ்கட்டை நீட்டினார். அக்கா இறங்கிப் போய், பழைய வங்கிக் கவுன்ட்டர் குரலில், "அத உள்ள வைங்க சார்" என்றாள். வைத்துவிட்டார்.

அட்டகட்டியைத் தாண்டும்போது வலப்பக்கமா இடப்பக்கமா என்று தெரியாத ஏதோ ஒரு பள்ளத்தாக்குக்குள் காடம்பாறை இருக்கிறது. தமிழ்நாட்டு மின்வாரியத்தின் 400 மெகாவாட் நிலையம், பூமிக்கடியில். மின்சாரம் மிச்சமாக இருக்கும் நேரத்தில் மேல் ஆழியாற்றுத் தண்ணீரை மலைமேல் ஏற்றி வைத்துக்கொள்வார்கள். தட்டுப்பாடு வரும் நேரத்தில் இறக்கிவிட்டு மின்சாரம் எடுப்பார்கள். மேட்டுக்குத் தண்ணீர் பாயாது என்று ஊரில் சொல்வோம். இங்கே தினமும் பாய்கிறது.

கொழுந்தும் யானையும்

நாற்பதாவது வளைவு முடிந்ததும் காடு விலகித் தேயிலை வந்துவிடும். கண்ணுக்கு அழகுதான், மறுக்க முடியாது. ஆனால் இந்தப் பச்சை எல்லாம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசி முதல் வெள்ளைக்காரத் துரைமார் சோலைக்காட்டை வெட்டி உண்டாக்கியது. காட்டை வெட்டவும் தேயிலை நடவும் கங்காணிகள் சமவெளியிலிருந்து ஆட்களை முன்பணம் கொடுத்து ஏற்றி வந்தார்கள். மலேரியாவும் கடனும் அவர்களைத் திரும்ப இறங்க விடவில்லை. இங்குள்ள எஸ்டேட்டுகளில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல், 1969-இல் 'ரெட் டீ' என்ற ஆங்கில நாவலில் அதை எழுதினார். இரா. முருகவேள் தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று கொண்டுவந்தார். பாலாவின் 'பரதேசி' அதிலிருந்து பிறந்த படம். அக்கா அந்தப் படத்தைப் பாதியில் எழுந்து வந்தவள். "பொழுதுக்கும் அழுதுட்டு எப்படிப் பாக்கறது" என்பாள். இப்போது கொழுந்து பறிக்கிறவர்களில் ஜார்க்கண்ட், அசாம்காரர்கள் நிறைய. பழைய தொழிலாளர் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டார்கள்.

வால்பாறைக்கு முன்னால் புதுத்தோட்டம். அங்கே சிங்கவால் குரங்குகள் கூட்டமாகச் சாலையைக் கடக்கும். வண்டியில் அடிபடாமல் இருக்க மரத்துக்கு மரம் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கட்டிப் பாலம் போட்டிருக்கிறார்கள். குரங்குகளும் அதைப் பழகிக்கொண்டன. யானைகளுக்கு அப்படிப் பாலம் போட முடியாது. எனவே மனிதர்களுக்குச் செய்தி அனுப்புகிறார்கள். யானைக்கூட்டம் எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று மாலையில் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வரும். மேடான இடங்களில் சிவப்பு விளக்கு எரியும். இருட்டில் யானைமேல் மோதிக்கொள்வதுதான் பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் என்று கண்டறிந்து இந்த ஏற்பாட்டைச் செய்தது என்.சி.எஃப். என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு. அதை முன்னின்று நடத்திய ஆனந்தகுமாருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. யானை எங்கே என்று தெரிந்தால் மனிதன் ஒதுங்கிப் போவான் என்ற நம்பிக்கை, அவ்வளவுதான். வால்பாறையில் அது பலித்திருக்கிறது.

இரவு வால்பாறையில் தங்கினோம். மழை நின்று நின்று பெய்தது. பக்கத்தில் சின்னக்கல்லாறு. தென்னிந்தியாவின் சிரபுஞ்சி என்று நம் செய்தித்தாள்கள் எழுதும் இடம். வால்பாறை மலையில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அதே மலையின் கிழக்கே பல்லடம், காங்கேயம் பக்கம் அதில் கால் பங்கு பெய்தால் அதிகம். மேற்கிலிருந்து வரும் மேகம் மலையில் மோதி இங்கேயே இறக்கிவிடுகிறது. எங்கள் பக்கம் காற்று மட்டும் வருகிறது. அந்தக் காற்றில் இப்போது காற்றாலைகள் சுற்றுகின்றன.

காலண்டர் பார்த்து ஓடும் ஆறு

மறுநாள் காலை சோலையாறு அணை. தமிழ்நாட்டின் உயரமான அணைகளில் ஒன்று. செய்தியில் "சோலையாறு 160 அடியை எட்டியது" என்று வாசிக்கும்போதெல்லாம் அப்பா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார். அந்த வாக்கியத்துக்குத்தான் நானும் அக்காவும் முதன்முதலாக நேரில் வந்து நின்றோம்.

அணையின் தண்ணீருக்கு இரண்டு வழி. ஒரு மின்நிலையம் வழியாகப் போனால் பரம்பிக்குளம், அதாவது எங்கள் வாய்க்கால். இன்னொரு மின்நிலையம் வழியாகப் போனால் கேரளச் சோலையாறு, அதாவது அதிரப்பள்ளி. எது எப்போது என்பதைப் பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) ஒப்பந்தம் சொல்கிறது. காமராஜர் சென்னையிலும் இ.எம்.எஸ். திருவனந்தபுரத்திலும் முதலமைச்சர்களாக இருந்தபோது பேசி முடித்தது. சி. சுப்பிரமணியம், வி.கே. பழனிசாமிக் கவுண்டர், பொள்ளாச்சி நா. மகாலிங்கம் ஆகியோர் பெயர்களைச் சொல்லாமல் எங்கள் பக்கம் யாரும் இந்தக் கதையை முடிக்க மாட்டார்கள். 1961 அக்டோபர் 7 அன்று நேரு வந்து பணியைத் தொடங்கி வைத்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தது 1970 மே மாதம்தான். ஆனால் 1958 நவம்பர் 9 முதல் அமல் என்று எழுதிக்கொண்டார்கள். அணையைக் கட்டிக்கொண்டே பங்கைப் பேசியிருக்கிறார்கள்.

கேரளச் சோலையாற்றுக்கு ஆண்டுக்கு 12.3 டி.எம்.சி. தர வேண்டும். கேரளத்துச் சித்தூர்ப் பாசனத்துக்காக மணக்கடவில் 7.25 டி.எம்.சி. விட வேண்டும். கேரளச் சோலையாறு அணை செப்டம்பர் 1 அன்றும் பிப்ரவரி 1 அன்றும் நிறைந்திருக்க வேண்டும். மேல் நீராற்றுத் தண்ணீர் பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை தமிழ்நாட்டுக்கு. அக்டோபர் முதல் தேதியிலிருந்து ஜனவரி முடிய வருவது கேரளத்துக்கு. காட்டுக்குள் ஓடும் ஒரு சின்ன ஆறு காலண்டர் பார்த்துத் திசை மாறுகிறது.

30 ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்யலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1988-இல் அந்தக் கெடு வந்தது. அன்று முதல் பேச்சுவார்த்தை நடந்துகொண்டே இருக்கிறது. ஆனைமலையாறு, நல்லாறு அணைகளும் அந்தப் பேச்சில்தான் தங்கி நிற்கின்றன. தேர்தலுக்குத் தேர்தல் எங்கள் ஊர் மேடைகளில் அவை கட்டி முடிக்கப்படுகின்றன.

அணைக்கரையில் நின்றுகொண்டு அக்கா கேட்டாள்: "நம்ம தோப்பு விஷயம் என்னடா பண்ணலாம்னு இருக்கே?"

பெண்ணுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. கொங்குநாட்டில் இன்னமும் பத்திரப்பதிவு அலுவலக வாசலில் அக்கா தங்கைகள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அண்ணன் தம்பி வாங்கிக் கொடுத்த புடவையோடு பஸ் ஏறுவதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவளும் போட்டுவிடுவாள் என்று ஊரில் பேச்சு. என்னிடம் அவள் அப்படிச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"நீ சொல்லுக்கா" என்றேன்.

"ரெண்டு கவர்மென்டு 1958-ல இருந்து பேசுது. நமக்கென்ன அவசரம், ஊருக்குப் போய்ப் பேசலாம். ஆனா பாதி எனக்குத்தான்." சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

பாதி என்றால் தோப்பில் பாதியா, அதற்கு வரும் தண்ணீர் முறையிலும் பாதியா என்று கேட்க நினைத்தேன். மூன்று லட்சத்து 77 ஆயிரம் ஏக்கரை நான்கு மண்டலமாகப் பிரித்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் தண்ணீர். அதையும் இரண்டாக்கினால் மடையில் என்ன மிஞ்சும்? கேட்கவில்லை. பதில் அவளிடம் தயாராக இருந்திருக்கும்.

கபாலியின் சாலை

மளுக்கப்பாறை என்று நாமும் மலக்கப்பாறை என்று அவர்களும் சொல்லும் எல்லைச் சாவடியில் வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துச் சீட்டுக் கொடுக்கிறார்கள். வாழச்சால் சாவடியில் அதைத் திருப்பிக் காட்ட வேண்டும். நடுவில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் காடு. வழியில் வண்டியை நிறுத்திச் சோறு தின்பது, ஆற்றில் இறங்குவது எல்லாம் கூடாது. தாமதமானால் ஏன் என்று கேட்பார்கள். சாயங்காலத்துக்கு மேல் விடமாட்டார்கள்.

இந்தச் சாலையில் கபாலி என்று ஒரு கொம்பன் யானை பிரபலம். 2022 நவம்பரில் அது தனியார் பேருந்து ஒன்றை எதிர்கொண்டு நடந்துவர, ஓட்டுநர் கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த இந்தக் குறுகிய பாதையில் 8 கிலோமீட்டர் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு வந்தார். பயணிகளில் ஒருவருக்கும் காயமில்லை. உலகத்தில் எந்த ஓட்டுநர் உரிமத் தேர்வும் இதைக் கேட்காது. "கபாலி வந்தா நான் ரிவர்ஸ் எடுக்க மாட்டேன், நீதான் எடுக்கணும்" என்று அக்கா முன்கூட்டியே அறிவித்துவிட்டாள். யானை வரவில்லை. சாலை நடுவே ஆவி பறக்கும் லத்தி மட்டும் கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போகும்போது இருவரும் பேசவில்லை.

பத்தடிக்கு ஓர் ஓடை குறுக்கே வந்தது. பாறைமேல் வழிந்து சாலையை நனைத்துவிட்டு மறுபக்கம் இறங்கியது. இவற்றுக்கெல்லாம் பெயர்ப்பலகை இல்லை. குற்றாலத்தில் இதில் ஒன்று இருந்தால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அம்பலப்பாறைப் பக்கம் கேரளச் சோலையாறு மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்தோம். அடுத்து பெரிங்கல்குத்து, 1957 முதல் மின்சாரம் தரும் அணை. வலப்புறம் காட்டுக்கு அப்பால் பரம்பிக்குளம். அந்த அணை இருக்கும் நிலம் கேரளத்தில், நடத்துவது தமிழ்நாடு, காரில் போக வேண்டுமானால் நம் சேத்துமடை வழியாகத்தான் போக முடியும். ஒரு காலத்தில் அங்கிருந்து சாலக்குடிக்குத் தேக்குமரம் ஏற்றிவர ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்குக் காட்டு டிராம் ஓடியது. 1907-இல் வந்தது, 1963-இல் நின்றது. டிராம் போனது, தேக்கு போனது, பிறகு தண்ணீர் போனது.

2022 செப்டம்பர் 21 அதிகாலை பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் நடுமதகு சங்கிலி அறுந்து, ஷட்டரே ஆற்றோடு போய்விட்டது. நொடிக்கு 20,000 கனஅடி அளவில் தண்ணீர் வெளியேறியது. பெரிங்கல்குத்து மதகுகளைத் திறந்தார்கள். சாலக்குடி வரை மைக் வைத்து எச்சரித்தார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூழ்கியெழுந்த ஊருக்கு அன்றைய விடியல் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உடுமலையில் எங்களுக்கு அது வேறு விதமான துக்கம். கிட்டத்தட்ட 6 டி.எம்.சி. கண்ணெதிரே போனது என்று டீக்கடையில் அடித்துக்கொண்டார்கள். இந்தச் சாலையில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது: அன்றைக்கு அந்தத் தண்ணீர் வழி தவறிப் போகவில்லை, பழைய வழியில்தான் போயிருக்கிறது.

இந்தக் காடு காடர் என்னும் பழங்குடியினருடையது. பரம்பிக்குளத்தில் ஒரு அணை, பெரிங்கல்குத்தில் ஒரு அணை என்று ஒவ்வொன்று எழும்பியபோதும் இடம் பெயர்ந்தவர்கள். தேனும் குங்கிலியமும் எடுத்துப் பிழைத்தவர்கள். ஒரு காலத்தில் இருவாச்சிக் குஞ்சுகளையும் எடுத்தார்கள். இப்போது அவர்களே கூடு காவலர்கள். பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் தன்னை வைத்து அடைத்துக்கொள்ளும், ஆண்தான் குஞ்சு பொரிந்து வளரும்வரை இரை கொண்டுவந்து ஊட்டும். ஆண்பறவை செத்தால் குடும்பமே பட்டினி. ஆற்றங்கரை மரங்களில் எது எந்த ஆண்டு கூடாகிறது என்று காடர் இளைஞர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். வாழச்சால் பக்கத்து ஒன்பது காடர் ஊர்களுக்கு 2014-இல் சமூக வன உரிமை கிடைத்தது.

'புன்னகை மன்னன்' அருவி

வாழச்சால் அருவி என்று எழுதியிருந்தாலும் அது விழுவதில்லை, சரிந்து ஓடுகிறது. அகலமான பாறைச் சரிவில் வெள்ளை வெள்ளையாக. அங்கிருந்து ஐந்து கிலோமீட்டரில் அதிரப்பள்ளி. நடுவில் சாலையோரத்திலேயே சார்ப்பா என்று ஓர் அருவி; மழைக்காலத்தில் வண்டிக்குள் இருந்தபடியே நனையலாம்.

அதிரப்பள்ளியின் உயரம் 80 அடி. நம் ஊர்க்காரர்களுக்கு அது என்றைக்கும் 'புன்னகை மன்னன்' அருவிதான். 1986 தீபாவளிப் படம். கமலும் ரேகாவும் குதிக்கிற காட்சியில் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு நான் கண்ணை மூடிக்கொண்டதாக அவள் இன்றும் சொல்கிறாள். நான்தான் அவள் கண்ணை மூடிவிட்டேன் என்பது என் வாதம். 'ராவணன்', 'பாகுபலி' எல்லாம் பிறகு வந்தவை. மேலே நின்றால் ஆறு ஒன்றும் தெரியாதது போல நிதானமாக வந்து சட்டென்று காணாமல் போகும். கீழே இறங்கினால்தான் அருவி. பாறைப்படிகளில் அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். அடிவாரத்தில் ஆளையே மறைக்கும் சாரல். பேசினால் காதில் விழாது. ஆகவே கொஞ்ச நேரம் அவள் திட்டு இல்லாமல் இருந்தேன்.

மேலே ஏறி வந்து மூச்சு வாங்கியபோது சொன்னேன்: "நமக்கு எடுத்தது போக மிச்சமே இவ்வளவு இருக்கேக்கா."

"இது மழை மிச்சம். மார்ச் மாசத்துல வந்து பாரு, அப்பத் தெரியும்" என்றாள்.

அவள் சொன்னது சரி. கோடையில் இந்த அருவிக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை மேலே பெரிங்கல்குத்து அணை முடிவு செய்கிறது. மின்தேவை கூடும் நேரத்தில் விசையாழி ஓடும், ஆற்றில் தண்ணீர் கூடும், நிறுத்தினால் குறையும். ஒரே நாளில் ஏறி இறங்கும் ஆறு. இது போதாதென்று, வாழச்சாலை ஒட்டி இன்னொரு அணை கட்டி 163 மெகாவாட் எடுக்கக் கேரள மின்வாரியம் பல ஆண்டுகள் முயன்றது. சுற்றுச்சூழல் அனுமதியைக் கேரள உயர் நீதிமன்றம் 2001-லும் 2006-லும் ரத்து செய்தது. மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத்தொடர்ச்சி மலை நிபுணர் குழு 2011-இல் இந்தத் திட்டம் வேண்டாம் என்று வெளிப்படையாகவே எழுதியது. நீதிமன்றப் படிகளுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் உண்டு. ஒருவர் ஏ. லதா, வேளாண் அதிகாரி வேலையை விட்டுவிட்டு இந்த ஆற்றுக்காக உழைத்து 2017-இல் மறைந்தவர். இன்னொருவர் வி.கே. கீதா, வாழச்சால் காடர் ஊரின் மூப்பத்தி, அதாவது தலைவி. அணை இன்னும் கட்டப்படவில்லை. கட்டக்கூடாது என்பதே என் கருத்து. பி.ஏ.பி. வாய்க்காலில் நனைந்து வளர்ந்தவன் இதைச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். எடுத்துக்கொண்டவன் சொன்னால்தான் அதற்குக் கனம் உண்டு.

வெட்டிலப்பாறையில் ஒரு சாயாக்கடையில் கப்பையும் மீன்கறியும் சாப்பிட்டோம். சுற்றிலும் எண்ணெய்ப்பனையும் ஜாதிக்காய் மரங்களும். இன்னும் கீழே தும்பூர்முழியில் தடுப்பணை. அங்கிருந்து இரு கரையிலும் பிரியும் வாய்க்கால்களை நம்பி சாலக்குடிப் பக்கத்து விவசாயம். கோடையில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று அங்கேயும் புகார் உண்டு. கேட்டபோது காது பழகிய புகாராக இருந்தது. கடைக்காரர் எந்த ஊர் என்று விசாரித்தார். உடுமலை, தென்னந்தோப்பு, பி.ஏ.பி. பாசனம் என்று நான் விளக்கமாகச் சொல்லிவிட்டேன்.

"அப்போ நம்முடெ வெள்ளம் நிங்ஙட பறம்பிலாணல்லே!" என்று, எங்கள் தோப்பில் இருப்பது அவர்கள் தண்ணீர்தானே என்ற பொருளில், சிரித்தார்.

"தேங்காயாத் திருப்பி அனுப்பிட்டுத்தானுங்க இருக்கோம்" என்றாள் அக்கா.

உண்மைதான். எங்கள் பக்கத்துத் தேங்காயும் இளநீரும் காய்கறியும் வாளையாறு தாண்டிப் போய்க்கொண்டே இருக்கின்றன. அதைச் சொல்லி 12.3 டி.எம்.சி.யைக் குறைக்கச் சொல்ல முடியாது. அவர்களும் அதைத் தின்றுவிட்டோம் என்பதற்காகக் கேட்காமல் இருக்கப் போவதில்லை. இரண்டு பக்கமும் வயல் இருக்கிறது, இரண்டு பக்கமும் கடைமடை இருக்கிறது. பரம்பிக்குளத்தையோ சோலையாற்றையோ பார்க்காமலே பங்கைப் பற்றி மேடையில் முழங்குகிறவர்கள்தான் இரண்டு பக்கமும் அதிகம்.

பி.ஏ.பி. பாசனக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது இந்தச் சாலையில் வர வேண்டும். பாசன சபைக் கூட்டத்தில் பேசுகிறவர்கள் கட்டாயம் வர வேண்டும். ஆகஸ்ட் கடைசியோ செப்டம்பரோ சரியான காலம். மார்ச்சிலும் ஒருமுறை வந்தால் இன்னும் நல்லது. சனி, ஞாயிறு வேண்டாம். வால்பாறையில் ஓர் இரவு தங்கிவிட்டுக் காலை எட்டு மணிக்குள் மளுக்கப்பாறைச் சாவடியைக் கடந்துவிடுங்கள். எல்லையில் அடையாள அட்டையும் வண்டிப் பத்திரங்களும் கேட்பார்கள். வால்பாறையிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள், காட்டுக்குள் பங்க் கிடையாது. யானையைக் கண்டால் ஹாரன் அடிக்காமல், விளக்கைப் போடாமல் நின்று வழிவிடுங்கள். குரங்குக்கும் வரையாட்டுக்கும் எதையும் கொடுக்காதீர்கள்.